அரண் தேடிய பயணம்

நுழையும்முன்

கோட்டை என்றதும் வானளாவிய மதிலே நம் கண்முன் தோன்றும். மதில் மட்டுமே கோட்டையைக் காத்துவிடுமா? நீரும் உணவும் மலையும் காடும், இவற்றினும் மேலாகக் காக்கும் மனிதரும் சேர்ந்ததே அரண் என்பது தமிழர் கண்ட உண்மை. பழனி மலைத்தொடரின் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பத்தின் பயணவழியே அவ்வுண்மையை இப்பாடம் விளக்குகிறது.

பிரான்சு நாட்டின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஊர்ஊராக மகிழுந்தில் சென்று, 1519இல் கட்டத் தொடங்கப்பெற்ற சாம்போர் போன்ற கோட்டை மாளிகைகளைக் கண்டு மகிழ்வது அங்குள்ள குடும்பங்களின் விடுமுறை வழக்கம். அத்தகைய பயணத்திற்குத் தமிழ்நாட்டிலும் வழிகள் பல உண்டு.

மலையே அரண்

திண்டுக்கல் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலையில் அமைந்த ஊர் ஆடலூர். காப்பிச் செடிகளும் நிழல்மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும் மலைவாழையும் செழித்த பகுதி அது. அவ்வூரைச் சேர்ந்த காப்பித் தோட்டக் குடும்பம் ஒன்று கோடை விடுமுறையில் கோட்டைகளைக் காணப் புறப்பட்டது. பாட்டி, பெற்றோர், மேல்நிலை வகுப்பில் பயிலும் மகள், அவள் தம்பி என ஐவர் அதில் இருந்தனர்.

மலைப்பாதையின் வளைவுகளில் வண்டி இறங்குகையில், திருக்குறளின் 75ஆம் அதிகாரமாகிய 'அரண்' பற்றி மகள் தம்பிக்கு எடுத்துரைத்தாள். நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் செறிந்த காடு ஆகிய நான்கையும் உடையதே அரண் என்கிறார் வள்ளுவர்.

"அப்படியானால் நம் ஊரே ஒரு கோட்டைதானே, அப்பத்தா?" என்று கேட்டான் சிறுவன்.

"ஆமாம் அப்பா, இந்த மலைதானே நமக்கு மதில்" என்றார் பாட்டி.

அச்சொல்லில் வரலாற்று உண்மையும் உண்டு. இம்மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள விருப்பாட்சியில்தான் வேலுநாச்சியார் தங்கியிருந்து, சிவகங்கையை மீட்கப் படை திரட்டினார். அவருக்குத் துணைநின்ற பாளையக்காரர் கோபால நாயக்கர், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார்.

தனிப்பாறையின் தலையில்

சமவெளியில் தனித்து நிற்கும் பெரும்பாறைமீது அமைந்தது திண்டுக்கல் கோட்டை. மதுரை நாயக்கர் மரபின் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் இதனைக் கட்டினார். 1755இல் திண்டுக்கல்லின் படைத்தலைவராகப் பொறுப்பேற்ற ஐதர் அலி இங்கிருந்தே தம் வலிமையைப் பெருக்கிக்கொண்டார்.

வெயில் ஏறுமுன் குடும்பத்தார் படியேறினர். பாறையில் வெட்டிய படிகளில் மூச்சு வாங்க ஏறியபோது, பகைவர் அணுகுதற்கு அருமை உடையதாக அரண் இருத்தல் வேண்டும் என்று வள்ளுவர் கூறியதன் பொருள் மகளுக்குத் தெளிவாயிற்று. உச்சியிலிருந்து நாற்புறமும் நெடுந்தொலைவு தெரிந்தது. எத்திசையிலிருந்து படை வரினும் அது வந்து சேருமுன்னரே கண்டுகொள்ள இயலும். சுற்றியுள்ள வெட்டவெளியும் ஓர் அரணே என்பதற்கு அதுவே சான்று.

குன்றைச் சுற்றிய மதில்கள்

திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை வழியாகப் பயணம் திருமயத்தை அடைந்தது. இங்குள்ள கோட்டை 1687இல் இராமநாதபுரம் சேதுபதியால் கட்டப்பட்டது. குன்றை மையமாகக் கொண்டு வட்டவட்டமாக மதில்கள் எழுப்பப்பட்டிருந்தன. ஒரு மதில் வீழினும் அடுத்த மதில் பகைவரைத் தடுக்கும். குன்றின் அடியில் சிவனுக்கும் திருமாலுக்கும் குடைவரைக் கோயில்கள் உள்ளன. வழிபாடும் காவலும் ஒரே பாறையில் இடம்பெற்றுள்ளன.

பாறைமேல் மழைநீர் தேங்கும் சுனையைக் கண்டதும் பாட்டி அங்கேயே அமர்ந்துவிட்டார். மலைச்சுனை நீரை நம்பி வாழ்ந்தவர் அவர். "மதிலை அப்புறம் பாருங்கள், முதலில் இந்தத் தண்ணீரைப் பாருங்கள். இது இல்லையென்றால் மேலே இருந்தவர்கள் எத்தனை நாள் இருந்திருப்பார்கள்?" என்று அவர் கேட்டார். வள்ளுவர் அரணின் உறுப்புகளுள் நீரை முதலில் வைத்த காரணம் அவ்வினாவில் விளங்கியது.

ஒரே கோட்டை, இருவேறு முடிவுகள்

அங்கிருந்து வடக்கே நெடுந்தொலைவு பயணம் செய்து, விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சியை அவர்கள் அடைந்தனர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். உள்ளே கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், யானைக்குளம், சக்கரக்குளம் ஆகியன உள்ளன. முற்றுகைக் காலத்திலும் உணவு குறையாதிருத்தல் அரணின் இலக்கணம் என்பதற்கு அக்களஞ்சியங்கள் சான்றாகின்றன.

1677இல் சிவாசி இக்கோட்டையைக் கைப்பற்றி வலுப்படுத்தினார். பின்னர் அவர் மகன் இராசாராம் இங்குப் புகலடைந்தார். 1690இல் முற்றுகையிட்ட முகலாயப் படை, 1698இல்தான் கோட்டையைப் பிடித்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த அதே கோட்டையை, 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்னும் தளபதியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கைப்பற்றியது. 1761இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

"மதில் அதேதான்; குன்றும் அதேதான். எட்டு ஆண்டு எங்கே, ஓர் இரவு எங்கே?" என்று வியந்தாள் மகள். விடை அவள் கையிலிருந்த நூலிலேயே இருந்தது. எல்லாச் சிறப்புகளும் பெற்றிருப்பினும், செயல்திறம் மிக்கவர் உள்ளே இல்லையெனில் அரணால் பயனில்லை என்று கூறியே அவ்வதிகாரத்தை வள்ளுவர் நிறைவு செய்கிறார்.

இன்றைய பகை

இக்கோட்டைகளை இன்று எந்தப் படையும் முற்றுகையிடவில்லை. ஆயினும் பகை நீங்கிவிடவில்லை. சுவர்களில் பெயர்களைக் கீறுவோர், குளங்களில் குப்பை எறிவோர், கற்களைப் பெயர்ப்போர் ஆகியோரே இன்றைய பகைவர். பீரங்கிக்குத் தப்பிய மதில் ஓர் ஆணிக்குத் தப்பவில்லை. செஞ்சியின் சுவரொன்றில் தன் பெயரை எழுத விரும்பிக் கூர்ங்கல்லைக் கையில் எடுத்தான் சிறுவன். "எட்டு ஆண்டு காத்தவர்களே தங்கள் பெயரை எழுதிவைக்கவில்லையே, தம்பி" என்றாள் அக்கா. கல்லை அவன் கீழே போட்டான்.

முன்னோர் நம்மிடம் விட்டுச்சென்றவை மதில்கள் மட்டுமே. அவற்றை அரணாக்கும் செயல்திறம் நம்மிடமிருந்தே வருதல் வேண்டும். சுனையைத் தூய்மையாக வைத்திருப்பவரும், சுவரைக் கீறாது கடப்பவரும் இக்காலத்தின் கோட்டைக் காவலரே ஆவர்.

தெரிந்து தெளிவோம்

2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ, மராத்தியர் காலப் படைத்துறைக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி. பாதுகாக்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னங்களைச் சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் வகைசெய்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள கோட்டை அல்லது பழைய குளம் ஒன்றைக் கண்டு, அதன் இன்றைய நிலையை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'அரண்' அதிகாரக் கருத்துகளுள் இன்றைய வாழ்வுக்குப் பொருந்துவனவற்றை வகுப்பில் கலந்துரையாடுக.