டிக்கி நிறைய ஏற்றலாமா?

கேள்வி: எங்களிடம் பெட்ரோல் வேகன்ஆர் கார் இருக்கிறது. சாமை அறுவடை முடிந்ததும் நாலு மூட்டை சாமை, கொஞ்சம் புளி, ஒரு டின் தேன் ஏற்றிக்கொண்டு, பெரியவர்கள் ஐந்து பேராகச் சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்புவது வழக்கம். டிக்கி 341 லிட்டர் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள். மூட்டைகளை வைத்த பிறகும் மேலே இடம் இருக்கிறது. ஆனால் என் தம்பி, “பின்பக்கம் உட்கார்ந்துடுச்சு, இனிமே ஒண்ணும் ஏத்தாதண்ணா” என்கிறான். போளூருக்கு இறங்கும்போது பிரேக் கருகும் வாடையும் வருகிறது. இடம் இருக்கும்போது ஏன் ஏற்றக் கூடாது?
– வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: கார் வைத்திருப்பவர்களில் பலர் மனதில் இருப்பதும், யாரும் வாய்விட்டுக் கேட்காததும் இந்தக் கேள்விதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் தம்பி சொல்வது சரி.

341 லிட்டர் என்பது கொள்ளளவு, அதாவது டிக்கிக்குள் எவ்வளவு இடம் என்ற கணக்கு. அங்கே எவ்வளவு எடை வைக்கலாம் என்பதை அந்த எண் சொல்வதில்லை. அதே இடத்தைத் தலையணைகளால் நிரப்பினால் காருக்கு ஒன்றும் தெரியாது. சாமையால் நிரப்பினால் ஏறக்குறைய 240 கிலோ ஆகிவிடும். தேன் ஒரு லிட்டரே 1.4 கிலோ எடை. எண்ணெய் டின்னில் எண்ணெய் 15 கிலோ பிடிக்கும். அதே டின்னில் தேன் ஊற்றினால் 20 கிலோவைத் தாண்டும். மலையிலிருந்து நீங்கள் கொண்டுபோகும் பொருள்கள் எல்லாமே இடத்தைக் குறைவாகவும் எடையை அதிகமாகவும் எடுத்துக்கொள்பவை.

எடைக்கு வேறு இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று கெர்ப் எடை: ஆள் ஏறாமல், பெட்ரோலும் ஆயிலும் ஊற்றிய நிலையில் காரின் சொந்த எடை. மற்றது கிராஸ் எடை: ஆளும் சரக்கும் சேர்த்து அந்த கார் தாங்கலாம் என்று கம்பெனி நிர்ணயித்த உச்ச எடை. இப்போதைய வேகன்ஆரின் ஒரு லிட்டர் பெட்ரோல் மாடலில் முதல் எண் சுமார் 820 கிலோ, இரண்டாவது 1,340 கிலோ. மிச்சம் 520. ஒருவருக்கு 65 கிலோ என்று வைத்தால் ஐந்து பெரியவர்களுக்கு 325 போய்விடும். சரக்குக்கு மிஞ்சுவது 195 கிலோ. 50 கிலோ மூட்டை நாலு என்றாலே 200. புளியும் தேனும் துணிப் பைகளும் அதற்கு மேல். டிக்கி நிரம்பும் முன்பே கார் நிரம்பிவிட்டது.

டயரைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. 165/70 ஆர்14 டயரின் பக்கவாட்டில் 81 என்று இருந்தால், அது லோடு இண்டெக்ஸ், அதாவது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீட்டு எண். 81 என்றால் 462 கிலோ. நாலு டயருக்கு 1,848. டயர் தாங்கலாம். ஸ்பிரிங், பிரேக், அச்சு எல்லாம் 1,340-க்குத்தான் கணக்கிடப்பட்டவை.

ஆனால் உங்கள் பயணத்தில் எனக்கு அதிகம் கவலை தருவது எடை உட்காரும் இடம். டிக்கி பின்சக்கர அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே 100 கிலோ வைத்தால், பின்சக்கர அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு கார் ஒரு நெம்புகோல், அதாவது ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும் கட்டை போல ஆகிவிடும். வேகன்ஆரின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர் தூரம். மூட்டைகள் பின்னச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 கிலோ சரக்கு பின்சக்கரங்களில் 120 கிலோவாக இறங்கும். முன்சக்கரங்களிலிருந்து 20 கிலோவைத் தூக்கிவிடும். நாலு மூட்டைக்கு இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

வேகன்ஆர், ஆல்டோ, ஸ்விஃப்ட் எல்லாமே முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார்கள். திருப்புவதும் முன்சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கு ஏற்பதும் முன்சக்கரம். அதன் பிடிமானத்தைக் குறைத்துக்கொண்டு மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் இறங்குவது சரியல்ல. நீங்கள் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் டாடா ஏஸ் ஏறத்தாழ உங்கள் கார் அளவு எடைதான். 750 கிலோ வரை சுமக்கிறது. அதற்குப் பட்டை வில் ஸ்பிரிங், பின்சக்கர இழுவை. சரக்குத் தட்டும் பெரும்பாலும் பின்னச்சுக்கு மேலும் முன்னும் அமைந்திருக்கிறது. சுமை ஏற ஏற இழுக்கும் சக்கரத்துக்குப் பிடிமானம் கூடும். 2005-ல் அந்த வண்டி வந்ததே சுமைக்காகத்தான். உங்கள் கார் ஆட்களுக்காக வந்தது.

இனி அந்த வாடை. மலையிறங்கும் கார் இழக்கும் உயரமெல்லாம் எங்காவது வெப்பமாக வெளியேறியே தீர வேண்டும். 1,340 கிலோ எடையோடு 500 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொண்டால், அந்த வெப்பம் 20 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு 100 கிலோவும் இன்னும் ஒன்றரை லிட்டர் கொதிக்கும் வெப்பத்தைச் சேர்க்கும். எல்லாவற்றையும் பிரேக் மீதே போட்டால் பிரேக் பேட் காய்ந்து வாடை வரும். அதற்கு மேல் போனால் பிரேக் ஃபேட் வரும்: சூட்டில் பேடின் உராய்வு குறைந்து, மிதித்தாலும் கார் நிற்கத் தயங்கும் நிலை. பிரேக் ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் அதுவும் சீக்கிரம் கொதித்துக் குமிழி கட்டும். பெடல் சொதசொதவென்று உள்ளே போய்விடும்.

அதனால் இரண்டாம் கியரில் இறங்குங்கள். கொஞ்ச தூரம் பிரேக், பிறகு விட்டு, மறுபடி பிரேக் என்று மிதியுங்கள். காலை அதன்மேலேயே வைத்திருக்க வேண்டாம். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குபவர்களை நம் மலைப்பாதைகளில் இன்றும் பார்க்க முடிகிறது. இன்றைய இன்ஜின்களில் கணக்கு நேர்மாறு. கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கப் பெட்ரோல் வேண்டும். இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்குத் துணைவிசை கொடுக்கும் பூஸ்டரும் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடும்.

எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டால், ஐந்து பேர் போகும்போது டிக்கியில் இரண்டு மூட்டைக்கு மேல் வேண்டாம். கணக்கில் மூன்று இடிக்காது. ஆனால் பின்னச்சுக்குப் பின்னால் அவ்வளவு எடையோடு மலையிறங்குவதை நான் சொல்ல மாட்டேன். தேன் டின்னைப் பின்சீட்டுக்காரர்களின் கால் வைக்கும் இடத்தில், உருளாதபடி வையுங்கள். நீங்களும் தம்பியும் மட்டும் போவதென்றால் பின்சீட்டை மடக்கி, நாலு மூட்டையையும் முன்சீட்டு முதுகோடு ஒட்டிப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டலாம். பின்னச்சுக்கு முன்னால் இருப்பதால் எடையில் ஒரு பங்கு முன்சக்கரத்துக்கும் போகும். கட்டாமல் எதையும் விடாதீர்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் எதன் மீதாவது மோதி நின்றால், தளர்வாகக் கிடக்கும் 10 கிலோ பலாப்பழம் 100 கிலோவுக்கு மேலான விசையோடு முன்னால் இருப்பவர் மீது விழும். கூரையில் ஏற்றும் எண்ணம் இருந்தால், காரோடு தந்த கையேட்டில் கூரைக்கென்று தனி வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேல்நோக்கி எழுந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2 என்று எண்கள் போட்ட சிறு உருளை இருந்தால், அது வெளிச்சத்தைத் தாழ்த்துவதற்குத்தான். சுமையோடு இரவில் போகும்போது எண்ணைக் கூட்டி வையுங்கள். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் முழுச் சுமைக்கான காற்றழுத்தம் இருக்கும். ஊரிலேயே, டயர் ஆறியிருக்கும்போது அந்த அளவு பிடியுங்கள். ஓடிய சூட்டில் அழுத்தம் கூடித் தெரிந்தால் வழியில் இறக்க வேண்டாம். மகள் வீட்டில் மூட்டைகளை இறக்கிய பிறகு, மறுநாள் காலையில் பழைய அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.