திருடன் சீட்டு கைக்கு வந்தால்

புதுச்சேரி ஒதியம்பட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ராஜா ராணி ஆடி வளர்ந்தவன் நான். இப்போது பேரப்பிள்ளைகளுக்கும் அவர்கள் கூட்டாளிகளுக்கும் வாட்ஸ்அப்பில் திருடன் ஆட்டம் நடத்துகிறேன். ஒளிந்திருக்கும் திருடனைத் துப்பு வைத்துக் கண்டுபிடித்து, ஓட்டுப் போட்டு வெளியேற்றும் ஆட்டம் அது. புதிதாக நடத்த வரும் பிள்ளைகளுக்குச் சில சொல்கிறேன்.

1. திண்ணையில் போலீஸ் சீட்டு எடுத்தவனுக்குத் துப்பு என்று ஒன்றும் கிடையாது, முகம்தான். திருடன் சீட்டைப் பிரித்தவன் எச்சில் விழுங்குவான். நாங்கள் தொண்டைக்குழியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். 1980களின் பிற்பாதியில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவீதோவ் உருவாக்கிய, இதே மாதிரியான மாஃபியா ஆட்டமும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடியதுதான். போனில் முகம் இல்லை. துப்பு வைக்காமல் ஓட்டுப் போடச் சொன்னால், பிடிக்காத பிள்ளையைத்தான் வெளியே தள்ளுவார்கள். அது ஆட்டமே இல்லை.

2. துப்பை எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். மற்ற சேதிகளோடு சேர்த்து வையுங்கள். நான் ஒருமுறை வைத்தது: களத்தில் நெல் மூட்டை காணோம். நாலு மணிக்கு மழை பிடித்தது. நாய் குரைக்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற சின்ன யானை வண்டிக்கு அடியில் மண் காய்ந்து கிடந்தது. வண்டிக்காரர் ஐந்து மணிக்குத்தான் வந்தேன் என்கிறார். நாயைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். விடை தெரிந்ததும் தோற்றவர்களே மேலே போய் அந்தக் காய்ந்த மண் வரியைத் தேடிப் படித்தார்கள். துப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

3. சொன்ன துப்பையோ திருடனையோ நடுவில் மாற்றாதீர்கள். ஒரு சிறுமி முதல் இரவிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஆட்டம் சீக்கிரம் முடிகிறதே என்று நான் திருடனையே மாற்றிவிட்டேன். அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதன்பிறகு அவள் ஆட வரவேயில்லை. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

4. எல்லாருக்கும் தெரிந்ததை வைத்தே துப்பு பின்னுங்கள். ரேஷன் கார்டு சிவப்பா மஞ்சளா என்று வைத்தால் புதுச்சேரிப் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும். கடலூரிலிருந்து ஆடும் மாமன் மகனுக்கு விளங்காது.

5. சத்தியம் கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "அம்மா மேல சத்தியமா நான் திருடன் இல்ல" என்று ஒருவன் சொன்னால், மற்றவன் என்ன செய்வான்? நம்பினால் ஆட்டம் போச்சு. நம்பாவிட்டால் அவன் அம்மாவை இழுத்த மாதிரி. ஆட்டத்துக்குள் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆட்டத்தோடு முடியும் பொய் அது. அம்மா ஆட்டத்துக்கு வெளியே இருப்பவர். காசு பந்தயமும் அப்படியே, வேண்டாம்.

6. ஒரே கட்டிலில் படுத்து ஆளுக்கொரு போன் வைத்திருக்கும் அண்ணன் தம்பியை ஒரே கட்சியில் போடுங்கள், இல்லையென்றால் ஒருவனைத் திண்ணைக்கு அனுப்புங்கள். வெளியேறியவர் வாய் திறக்கக் கூடாது. 2018இல் வந்து, 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் பரவிய அமாங் அஸ் என்ற போன் ஆட்டத்தில், செத்தவர் பேச்சு செத்தவருக்கு மட்டுமே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. வெளியேறியவர்களுக்குத் தனி குரூப் போட்டுக் கொடுங்கள்.

7. தொடங்குமுன் திருடன் யார், துப்பு எது என்று தாளில் எழுதி, மடித்து, வீட்டில் ஆடாத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நான் என் மனைவியிடம் கொடுப்பேன், அஞ்சறைப்பெட்டிக்குள் வைத்துக்கொள்வாள். ஆட்டம் முடிந்ததும் மஞ்சள் படிந்த அந்தத் தாளைப் பிரித்துப் படம் பிடித்துப் போடுவாள். பிள்ளைகள் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்.