விலை குறைந்தபின் பொருளைத் திருப்பலாமா?

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. முந்தின வாரம் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு மனம் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் இரு தரப்பும் பொருந்தி முடித்த வியாபாரம், விலை இறங்கியதால் முறியாது. விலை ஏறியிருந்தால் கடைக்காரருக்குக் கூடுதல் பணம் கொடுத்திருப்போமா?

திரும்பப் பெறுவதாகக் கடை வாக்களித்திருந்தால் அது நம் உரிமை. இல்லையெனில் உண்மைக் காரணத்தைச் சொல்லிக் கேட்கலாம். 'பழுது' என்று பொய் சொல்லி வாங்கும் பணம் ஹலால் ஆகாது. கடைக்காரர் மறுத்தால் அவர்மீது குற்றமில்லை.

மனமுவந்து ஏற்றால் அதுவே 'இகாலா'. அப்படி ஏற்பவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள் (அபூதாவூத்). வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களும் இந்த நன்மையைத் தவறவிட வேண்டாம்.