வால்வோவிடம் கற்க ஒன்பது: ஓசூர் லைனுக்கு வரும் பிள்ளைகளுக்கு

ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, ஊத்தங்கரை, அரூர், திருப்பத்தூர் பக்கமிருந்து ஓசூரில் வந்து இறங்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். சிப்காட்டில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை, பெரும்பாலும் ஏதோ ஒரு வண்டிக்குப் போகும் ஏதோ ஒரு சின்ன பாகத்தைச் செய்வதாகத்தான் இருக்கும். முழு வண்டி உங்கள் கண்ணில் படவே படாது. அந்தப் பாகத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை, பாதுகாப்புக்குப் பேர்போன வால்வோவின் கதையை வைத்து டிரெய்னிகளுக்குச் சொல்வது என் வழக்கம். அந்தக் கம்பெனி வாங்கிய பெயரிலும் பாடம் உண்டு, பட்ட அவமானத்திலும் பாடம் உண்டு.

1. பெயர்ப் பலகையைப் பார்த்து மலைக்காதீர்கள். யார் எதைச் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அத்திப்பள்ளி, சர்ஜாபுரம் வழியாக வடக்கே போனால் ஹொசகோட்டே வரும். வால்வோ அங்கே 1998-இல் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 2001-இல் வந்த பி7ஆர் பஸ்தான் தென்னிந்தியாவின் இரவுப் பயணத்தையே மாற்றியது. 2017-இல் கார்களையும் அங்கேயே பூட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் லாரியும் பஸ்ஸும் செய்யும் வால்வோ வேறு, கார் செய்யும் வால்வோ வேறு. கார் பிரிவை 1999-இல் ஃபோர்டு வாங்கியது. 2010-இல் அது சீனாவின் ஜீலி கைக்குப் போனது. பெயர் ஒன்று, முதலாளிகள் இரண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 1927 ஏப்ரல் 14 அன்று முதல் வால்வோ கார் வெளியே வந்தபோது, அதற்குப் பணம் போட்டது எஸ்கேஎஃப் என்ற பேரிங் கம்பெனி. நம் எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திராவில் ஆலை வைத்திருக்கும் அதே எஸ்கேஎஃப்தான். அதன் விற்பனைப் பிரிவில் இருந்த அசார் காப்ரியல்சனும், குஸ்தாஃப் லார்சன் என்ற இன்ஜினியரும் சேர்ந்து தொடங்கியதுதான் வால்வோ. பார்ட்ஸ் செய்கிற இடத்திலிருந்துதான் அந்தப் பெரிய பெயரே வந்தது.

2. எந்தப் பாகத்தையும் சின்னது என்று நினைக்காதீர்கள்.

வால்வோவின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது இன்ஜின் அல்ல, ஒரு நாடா. போர் விமானங்களில் விமானியை இருக்கையோடு வெளியே தள்ளும் அமைப்பில் சாப் கம்பெனியில் வேலை பார்த்த நீல்ஸ் போலின், 1958-இல் வால்வோவுக்கு வந்தார். அப்போது கார்களில் இருந்தது இடுப்பு பெல்ட். பக்கிள் வயிற்றின் மேல் உட்காரும். மோதினால் உடம்பு மடங்கித் தலை முன்னால் போய் இடிக்கும், வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் நசுங்கும். போலின் தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டை வைத்து, இரண்டும் இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்வான ஓர் இடத்தில் சேரும்படி செய்தார். ஒரே கையால் மாட்டிவிடலாம். 1959-இல் அது வண்டியில் ஏறியது.

அடுத்த முறை காரில் ஏறினால் நிதானமாகப் பாருங்கள். மேல் பட்டை காறை எலும்பின் மேல் போக வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். எலும்பு தாங்கும், சதை தாங்காது. பெல்ட்டை மெல்ல இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். வண்டி திடீரென நின்றாலும் பூட்டிக்கொள்ளும். பல பெல்ட்டுகளில் அதற்குக் காரணம் உள்ளே ஒரு குழியில் கிடக்கும் சின்ன இரும்புக் குண்டு. வண்டி குலுங்கியதும் குண்டு உருண்டு ஒரு நாக்கைத் தூக்கும். நாக்கு பல்சக்கரத்தில் போய் மாட்டும். அந்தக் குழியில் ஒரு பிசிறு இருந்தால் குண்டு உருளாது. லைனில் அந்தப் பிசிறைப் பார்க்க வேண்டிய கண் உங்களுடையது.

3. தெரிந்ததை மறைத்து வைக்காதீர்கள்.

அந்த பெல்ட்டுக்கு வால்வோ காப்புரிமை வாங்கியிருந்தது. ஒவ்வொரு காருக்கும் இவ்வளவு என்று காசு வாங்கியிருக்கலாம். வாங்காமல் மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டது. இன்று எந்தக் காரில் ஏறினாலும் மூன்று முனை பெல்ட் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மெஷின் செட்டிங்கைப் பாக்கெட் நோட்டில் எழுதிவைத்து, யாருக்கும் காட்டாத சீனியர்களை நீங்கள் பார்ப்பீர்கள். அவர் லீவு போட்ட அன்று லைனில் ரிஜெக்‌ஷன் குவியும். தான் இல்லாவிட்டால் நடக்காது என்பதை அவர் பெருமையாக நினைப்பார். நீங்கள் கற்றதைப் பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுத்ததால் வால்வோவின் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

4. உடைந்ததைத் தேடிப் போய்ப் பாருங்கள்.

1967-இல் போலின் சுமார் 28,000 விபத்துகளின் விவரத்தை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். பெல்ட் போட்டவர்களில், மணிக்கு 95 கிலோமீட்டருக்குக் கீழே நடந்த விபத்துகளில் யாரும் சாகவில்லை. போடாதவர்களில் சிலர் 20 கிலோமீட்டர் வேகத்திலேயே செத்திருந்தார்கள். எல்லாரும் வாயை மூடிக்கொள்ள அந்தக் கணக்கு போதும். அதோடும் விடவில்லை. 1970-இல் விபத்து ஆராய்ச்சிக்கென்றே ஒரு குழு போட்டார்கள். கோத்தன்பர்க் பக்கம் வால்வோ மோதினால் அந்தக் குழு நேரே போய் நிற்கும். வண்டி எங்கே நசுங்கியது, ஆள் எங்கே அடிபட்டார் என்று எழுதும். பக்கவாட்டு மோதலுக்கான அமைப்பு 1991-இலும், கழுத்தைக் காக்கும் இருக்கை 1998-இலும் வந்ததற்கு இப்படிச் சேர்த்த விவரங்கள்தான் அடிப்படை.

உங்கள் கம்பெனியிலும் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்த பீஸ்கள் ஒரு சிவப்புத் தொட்டியில் கிடக்கும். அது குவாலிட்டி ஆட்களின் தலைவலி என்று தாண்டிப் போகாதீர்கள். டீ நேரத்தில் ஒன்றைக் கையில் எடுங்கள். எங்கே விரிசல், எந்த ஷிப்ட், எந்த பேட்ச் என்று கேளுங்கள். நன்றாகப் போன ஆயிரம் பீஸ் கற்றுத்தராததை அந்த ஒன்று கற்றுத்தரும்.

5. ஆடிட்டுக்கென்று தனி பீஸ் செய்யாதீர்கள்.

இதைக் கவனமாகப் படியுங்கள். 1990-இல் அமெரிக்காவில் வால்வோவுக்கு ஒரு விளம்பரம் ஓடியது. வரிசையாக நிற்கும் கார்களின் மேல் ராட்சதச் சக்கரம் கட்டிய லாரி ஏறிப் போகும். எல்லாக் கார்களின் கூரையும் அப்பளமாக, வால்வோ மட்டும் நிற்கும். வேறோர் இடத்தில் அப்படி உண்மையாகவே நடந்தது, அதைத்தான் திரும்ப எடுத்தோம் என்றார்கள். டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்தபோது குட்டு வெளிப்பட்டது. வால்வோவின் கூரைக்கு உள்ளே முட்டுக் கொடுத்திருந்தார்கள். மற்ற கார்களின் தூண்களை அறுத்து வைத்திருந்தார்கள்.

விளம்பரத்தைத் திரும்பப் பெற்று, பத்திரிகைகளில் கம்பெனி திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. விளம்பர ஏஜென்சி அந்தக் கணக்கையே இழந்தது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கார் உண்மையிலேயே பலமான கார்தான். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நம்மூர் கதைக்கு வருவோம். நாளை கஸ்டமர் ஆடிட் என்றால், இன்று நைட் ஷிப்டில் பொறுக்கி எடுத்துப் பாலிஷ் போட்ட பத்து பீஸ் தட்டில் தயாராகும். காலாவதியான கேஜுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வார்கள். செக் ஷீட்டில் விட்டுப்போன நேரங்களை ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரப்பச் சொல்வார்கள். அந்தப் பேனா உங்கள் கைக்கு வந்தால், “நான் அளக்கவில்லை சார், அதனால் எழுதவில்லை” என்று தணிவாகச் சொல்லுங்கள். திட்டு விழும். விழட்டும்.

6. வெளியே போன பீஸைத் திரும்ப அழைக்கும் வழியைக் கெடுக்காதீர்கள்.

2020 ஜூலையில் வால்வோ உலகம் முழுக்கச் சுமார் 21 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சீட் பெல்ட்டுக்கு. முன் இருக்கை பெல்ட்டோடு சேர்ந்த ஓர் இரும்புக் கேபிள் காலப்போக்கில் தளர்ந்து பலமிழக்கலாம் என்று தெரியவந்தது. 2006 முதல் 2019 வரை தயாரான பல மாடல்களில் அந்தக் கேபிள் இருந்தது. அதனால் யாருக்கும் அடிபட்டதாகத் தகவல் இல்லை என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் அழைத்தது. பெல்ட்டால் பேரெடுத்த கம்பெனி, பெல்ட்டில் குறை இருக்கிறது என்று ஊரறியச் சொல்ல வேண்டியிருந்தது.

எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் போனது என்ற பதிவு இருந்தால்தான் இப்படிச் செய்ய முடியும். பேட்ச் நம்பர் தேயாமல் பதிய வேண்டும். பழைய பேட்சும் புது பேட்சும் ஒரே டிரேயில் கலக்கக் கூடாது. ரீவொர்க் ஆன பீஸ் ரீவொர்க் அடையாளத்தோடு போக வேண்டும். வெட்டி வேலை என்று தோன்றும் அந்தப் பதிவுதான், பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் வீட்டுக்கு “வண்டியைக் கொண்டுவாருங்கள்” என்று போகும் கடிதம்.

7. உங்கள் உடம்புக்கு ஒத்துவராததைச் சொல்லுங்கள். தங்கைகளே, உங்களுக்குத்தான் முக்கியமாக.

மோதல் சோதனைக்கு வைக்கும் பொம்மை பல ஆண்டுகள் நடுத்தர உயரமுள்ள ஆணின் அளவிலேயே இருந்தது. பின்னாலிருந்து மோதும்போது கழுத்து அடிபடுவது பெண்களுக்கு அதிகம் என்பதை வால்வோவின் விபத்துப் பதிவுகள் காட்டின. 40,000-க்கும் மேற்பட்ட கார்களின் அந்த விவரங்களை வைத்துச் செய்த ஆய்வுகளை, 2019-இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவில் வைத்தார்கள்.

ஓசூர் லைன்களில் இன்று பெண்கள் ஏராளம். ஃபிக்ஸ்சர் உயரம், டார்க் ரெஞ்சின் நீளம், கையுறையின் அளவு எல்லாம் யாரோ ஓர் ஆணை மனதில் வைத்துப் போட்டதாக இருக்கும். எக்கி நின்று முறுக்கிய போல்ட்டில் டார்க் சரியாக ஏறாது. “எட்டவில்லை சார், ஒரு பலகை போடுங்கள்” என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவும் குவாலிட்டி வேலைதான்.

8. சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்கும் ஐந்து சின்ன கார்களின் அடிப்படை மாடல்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். அப்போது ஷோரூமில் எல்லாரும் மைலேஜைத்தான் கேட்டார்கள். 2018-இல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதன் பிறகு, எத்தனை நட்சத்திரம் என்று கேள்வி மாறியது. 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கே உரிய நட்சத்திர மதிப்பீடான பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. கார் எப்படி நசுங்குகிறது என்று பார்க்க, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே இன்று ஆய்வுக்கூடம் இருக்கிறது.

நம் ஓசூரிலும் உதாரணம் உண்டு. டிவிஎஸ் 2011-இலேயே அப்பாச்சி ஆர்டிஆர் 180-இல் ஏபிஎஸ் கொடுத்தது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குக்கும் அது கட்டாயமானது 2019-இல். முன்னாலேயே கற்றுவைத்தவருக்கு, சட்டம் வந்த அன்று பதற்றம் இல்லை.

9. பெயரை நம்பி உயிரை வைக்காதீர்கள்.

2013 அக்டோபர் 30 விடியற்காலை, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போய்க்கொண்டிருந்த தனியார் வால்வோ பஸ் மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே பாலத்துச் சுவரில் மோதித் தீப்பிடித்தது. 45 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே கர்நாடகத்தில் ஹாவேரி அருகே இன்னொரு வால்வோ பஸ் எரிந்தது. அதற்குப் பிறகுதான் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே, அவசர வழி எங்கே என்று நாடே பேசியது. டிக்கெட்டில் இருக்கும் பெயர் ஸ்டீயரிங்கைப் பிடிக்காது, சுத்தியலையும் எடுத்துத் தராது. புதிய வால்வோ கார்களில் 2020-க்குப் பிறகு யாரும் சாகவோ பலத்த காயப்படவோ கூடாது என்று இலக்கு வைத்த அதே கம்பெனி, வண்டியை எவ்வளவு திருத்தினாலும் மனிதன் மிதித்தால் பயனில்லை என்று கண்டு, 2020-இல் தன் கார்களின் உச்ச வேகத்தை 180 கிலோமீட்டரில் பூட்டிவிட்டது.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? பெல்ட் போடாவிட்டால் அலாரம் கத்துகிறது என்று, பக்கிளில் சொருக ஒரு பொய் கிளிப் வாங்குகிறோம். அதை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று 2023-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட வேண்டியிருந்தது. பின் சீட்டில் பெல்ட் என்ற ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில்லை. பைக்கில் வருகிறவரின் ஹெல்மெட் மூக்கண்டப்பள்ளி வரை கண்ணாடியில் தொங்கும். ஜூஜூவாடியில் போலீஸ் தொப்பி தெரிந்ததும் தலைக்கு ஏறும். ஸ்ட்ராப் மட்டும் அப்போதும் காற்றில் ஆடும். எட்டு மணி நேரம் மைக்ரான் கணக்குப் பார்த்துப் பிறர் உயிருக்குப் பாகம் செய்துவிட்டு, வீட்டுக்குப் போகும் அரை மணி நேரத்தில் தன் உயிரைக் கணக்கில் சேர்க்காத ஆட்களைச் சிப்காட் கேட்டில் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே பிள்ளைகளே, நாளை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வரும்போது ஹெல்மெட்டைத் தலையில் வைத்து ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு வாருங்கள். கேஜைச் சரிபார்த்துவிட்டு மெஷினில் கை வையுங்கள். சந்தேகம் வந்தால் லைனை நிறுத்துங்கள். ஏன் நிறுத்தினாய் என்று சத்தம் போட்டால், ஒரு பெரியவர் சொன்னார் என்று பழியை என் மேல் போடுங்கள்.