முளைப் பயறும் விதைப் பயறும்

நமது கூட்டுறவுச் சங்கங்களின் பண்டகசாலைகளுக்குப் பச்சைப் பயறு இருவகையாக வந்து சேர்கிறது. ஒன்று உணவுக்கு, மற்றொன்று விதைப்புக்கு. இரண்டையும் வேறுபடுத்தி அறியாவிடில் பொருள் நஷ்டம் மட்டுமன்றி, உயிருக்கே கேடும் விளையக்கூடும். வீட்டில் பயறு முளைகட்டி உண்ணும் வழக்கம் பல குடும்பங்களில் உள்ளது. ஆதலின் அதற்கேற்ற பயறைத் தெரிந்தெடுக்கும் முறையை நெசவாளரும் விவசாயிகளும் ஒருங்கே அறிந்திருத்தல் அவசியமாகும். அதனை இங்கு ஒரு பாடமாக எழுத முற்படுகிறோம்.

1. முளைத்தல் என்பது யாது?

ஒவ்வொரு பயற்று மணியினுள்ளும் இரு பருப்புகளும், அவற்றை ஒட்டிச் சிறு கருவும் உள்ளன. மணி உயிரோடிருக்கிறது, ஆனால் உறங்குகிறது. நீரும் காற்றும் மிதமான வெப்பமும் கிட்டியவுடன் கரு விழித்து வேர் விடுகிறது. உலர்ந்த பயற்றில் இல்லையென்று கூறத்தக்க அளவிலேயே காணப்படும் 'சி' உயிர்ச்சத்து, முளைக்கும்போது புதிதாகத் தோன்றுகிறது. உடைத்த பருப்பில் கரு சிதைந்துவிடுவதால், அது எத்தனை நாள் ஊறினும் முளைப்பதில்லை.

2. பயறு முளைக்காமற் போவதேன்?

முதற் காரணம் முதுமை. இரண்டாவது ஈரம். ஈரம் மிகுந்த நிலையில் மூட்டை கட்டிய பயறு விரைவில் உயிரிழக்கும். மூன்றாவது பயறு வண்டு. மணியின்மேல் வெண்புள்ளிகள் ஒட்டியிருப்பின் அவை வண்டின் முட்டைகள். வட்டமான துளை காணப்படின், வண்டு உள்ளிருந்து தின்று வெளியேறிவிட்டது என்பது பொருள். நான்காவது, இயந்திரத்தால் அடிக்கும்போது ஏற்படும் கீறலும் உடைவும்.

பளபளப்பை மட்டும் கண்டு மயங்குதல் கூடாது. இயல்பாகவே மங்கிய நிறமுடைய ரகங்களும் உண்டு. ஒரு கைப்பிடிப் பயறை வெண்ணிறக் கிண்ணத்து நீரிலிட்டால் நிறம் பிரிந்து வருமாயின், அப்பயறை விலக்கிவிடுதலே நலம்.

3. நூறு மணிச் சோதனை

மொத்தமாக வாங்குமுன் இச்சோதனையைச் செய்து பார்க்கவேண்டும். மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலுமிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 100 மணிகளை எண்ணிக்கொள்க. அவற்றை இரவில் சுமார் எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத் துணியில் தளர்வாகக் கட்டி, நாள்தோறும் இருமுறை நல்ல நீரால் அலசிவருக. இரண்டாம் நாள் முடிவில் முளைத்தவற்றை எண்ணுக.

நெசவாளர் அங்கத்தினர்கள் துணியைப் பற்றி ஒன்று கவனிக்கவேண்டும். கஞ்சியிட்ட பாவில் நெய்த புதுத் துணியைக் கழுவாமல் பயன்படுத்தினால், அக்கஞ்சியே புளித்துப் பூஞ்சணத்துக்கு இடமளிக்கும். வெந்நீரில் நன்கு அலசிய, சாயமிடாத பருத்தித் துணியே ஏற்றது.

90க்கு மேல் முளைத்தால் அது சிறந்த பயறு. 75க்குக் கீழாயின் அதனை வேகவைத்து உண்ணலாமேயன்றி முளைகட்டுதல் வீண்; முளைக்காத மணிகள் அழுகி மற்றவற்றையும் கெடுக்கும். சில மணிகள் ஊறாமலே கல்போல் கிடக்கும். அவை செத்தவையல்ல, தோல் கடினத்தால் நீரை ஏற்காதவை. எனினும் பல்லுக்குத் தீங்காதலின் பொறுக்கிவிடவேண்டும்.

இதன் வரவுசெலவையும் பார்ப்போம். கிலோ 120 ரூபாய்க்கு வாங்கிய பயற்றில் 100க்கு 60 முளைத்தால், முளைத்த பயற்றின் அடக்கவிலை 200 ரூபாயாகிறது. கிலோ 135 ரூபாய்ப் பயற்றில் 90 முளைத்தால் அடக்கவிலை 150 ரூபாயே. மலிவெனத் தோன்றுவது மலிவன்று என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

4. விதைப் பையில் கை வைக்கலாகாது

சான்று விதை நன்றாக முளைக்குமென்பது உண்மையே. பச்சைப் பயறுக்குச் சான்றளிக்கக் குறைந்தது 100க்கு 75 முளைப்புத்திறன் தேவையென விதி உள்ளது. ஆனால் விதைக்குப் பூஞ்சாணக் கொல்லியும் பூச்சிமருந்தும் கலப்பதுண்டு. மருந்து கலந்த விதையை உணவாகவோ தீவனமாகவோ எண்ணெய்க்கோ பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கை பைச் சீட்டில் இருக்கும். நீலச் சீட்டு சான்று விதையின் அடையாளமேயன்றி, உண்ணத் தகுந்தது என்பதற்கு அடையாளமன்று.

"நன்றாகக் கழுவிவிட்டோமே, இனி என்ன?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் இராக் நாட்டில் 1971ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பெருந்துயரை அறிதல் வேண்டும். பாதரச மருந்திட்ட கோதுமையும் வாற்கோதுமையும் அயல்நாட்டிலிருந்து விதைக்கென அங்கு வந்தன. பல இடங்களில் விதைப்புக்காலம் கடந்தே அவை கிட்டின. பைகளிலிருந்த எச்சரிக்கை அம்மக்கள் அறியாத மொழிகளில் இருந்தது. செந்நிறச் சாயத்தைக் கழுவிவிட்டால் நஞ்சும் நீங்குமென நம்பிப் பலர் ரொட்டி சுட்டு உண்டனர். சாயம் போயிற்று, நஞ்சு போகவில்லை. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கு மாண்டவர் 459 பேர். நம் பயறு விதைக்கு இடும் மருந்து வேறாயினும், படிப்பினை ஒன்றே.

5. உண்ணுங்கால் கவனிக்கவேண்டியவை

பச்சைப் பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, வெந்தயம் ஆகியவை முளைகட்ட ஏற்றவை. ராஜ்மா எனப்படும் சிவப்புப் பெரும்பயறைப் பச்சையாக உண்ணலாகாது. நன்கு கொதிக்கவைத்தாலன்றி அதிலுள்ள நச்சுப்பொருள் நீங்காது. சோள முளையிலும் நஞ்சு உண்டாகுமாதலின் அதனையும் பச்சையாகத் தின்னலாகாது.

முளைக்கு உகந்த ஈரமும் வெப்பமும் கிருமிகளுக்கும் உகந்தவை. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையின் வாயிலாகப் பரவிய கிருமியால் 50க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிருமிகள் விதைத்தோலின் கீறல்களில் தங்குவதால் கழுவுதல் மட்டும் போதாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் முளையை நன்கு வேகவைத்தே கொடுக்கவேண்டும். உயிர்ச்சத்து சிறிது குறையினும் அச்சம் நீங்கும்.

6. சங்கங்களின் கடமை

விதையையும் உணவுத் தானியத்தையும் வெவ்வேறு அறைகளில் வைத்து, தனித்தனி இருப்புப் பதிவேடு எழுதவேண்டும். பருவம் முடிந்தபின் மிஞ்சிய மருந்து விதையை எக்காரணத்தாலும் தானியமென ஏலமிடலாகாது. அந்த நஷ்டத்தைக் கணக்கில் ஒப்புக்கொள்வதே நேர்மை. அங்கத்தினரின் அடுப்பில் அதனை ஏற்றுவது பெருங்குற்றம். காலியான விதைப் பைகளும் வீட்டுக்குத் தானியம் கட்டிச்செல்ல உதவலாகாது. உணவுப் பயற்று மூட்டைகளில் அறுவடை மாதத்தையும், நூறு மணிச் சோதனையின் முடிவையும் எழுதி வைத்தால், விளைவித்தவருக்கு உரிய விலையும் வாங்குபவருக்கு மனநிறைவும் கிட்டும். விளைவிப்போரும் நெய்வோரும் ஒருவரையொருவர் நம்பி வாழ்வதற்கன்றோ கூட்டுறவு!

அங்கத்தினர் வகுப்புக்குரிய வினாக்கள்

(அ) உமது சங்கத்தில் இன்று இருப்பிலுள்ள பயறு எம்மாதத்து அறுவடை?

(ஆ) அதில் 100 மணிக்கு எத்தனை முளைக்கின்றன?

(இ) சென்ற பருவத்தில் மிஞ்சிய மருந்து விதை இப்பொழுது எங்கே இருக்கிறது?

மூன்றாம் வினாவுக்கு உடனே விடை கூற இயலாத சங்கம், அதனை அன்றைய தினமே தேடிக் கண்டறிதல் வேண்டும்.