வருமான வரி நோட்டீஸ் வந்ததா? ஏஐயிடம் இப்படிக் கேளுங்கள்

ஐ.டி. ரிட்டர்ன் போட்டுச் சில வாரம் கழித்து வருமான வரித் துறையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. '143(1)' என்ற எண்ணைப் பார்த்ததுமே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். சிலர் 'அப்புறம் பார்க்கலாம்' என்று திறக்காமலே விட்டுவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற ஏஐ கருவிகள் அந்தக் கடிதத்தை எளிய தமிழில் விளக்கிவிடும். ஒரே நிபந்தனை: கடிதத்தைப் புரிந்துகொள்ள அவற்றின் உதவியைக் கேளுங்கள், முடிவை நீங்களே எடுங்கள்.

அசலா, போலியா?

'உங்களுக்கு ரீஃபண்ட் காத்திருக்கிறது, இந்த லிங்கை அழுத்துங்கள்' என்று வரும் மோசடி மின்னஞ்சல்கள் ஏராளம். 'இது உண்மையான நோட்டீஸா?' என்று ஏஐயிடம் கேட்டுப் பயனில்லை. துறையின் பதிவேடு அதன் கையில் இல்லை. 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் (டின்) இருக்க வேண்டும். இ-ஃபைலிங் தளத்தில் லாகின் செய்யாமலேயே அந்த எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கலாம்.

மறைக்க வேண்டியதை மறையுங்கள்

143(1) பிடிஎஃப்-ஐத் திறக்கும் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? சிறிய எழுத்தில் உங்கள் பான் எண்ணும் அதையொட்டிப் பிறந்த தேதியும்தான். எனவே பாஸ்வேர்டையோ முழு பிடிஎஃப்-ஐயோ ஏஐயிடம் கொடுக்காதீர்கள். தேவையான பகுதியை மட்டும் காப்பி செய்து ஒட்டுங்கள். பெயர், பான், ஆதார், முகவரி, வங்கிக் கணக்கு எண் வரும் இடங்களில் 'ஃஃஃ' என்று போட்டுவிடுங்கள். மொபைலில் ஸ்க்ரீன்ஷாட்டின் மேல் கறுப்பாகக் கிறுக்கினால் சில நேரம் அடியில் உள்ள எண் மங்கலாகத் தெரியும். அந்தப் பகுதியையே வெட்டிவிடுவது நல்லது.

என்ன கேட்பது?

'இதை விளக்கு' என்று மொட்டையாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

• இது வெறும் தகவலா, நான் பதில் தர வேண்டிய நோட்டீஸா? கடிதத்தின் எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?
• கடைசித் தேதி எது? அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?
• நான் காட்டிய கணக்கும் துறை போட்ட கணக்கும் எந்தெந்த வரிசையில் வேறுபடுகின்றன?
• கடிதத்தில் இல்லாத எதையாவது நீயாக ஊகித்தாயா?

மூன்றாவது கேள்விதான் 143(1)-ன் உயிர்நாடி. அந்தக் கடிதத்தில் நீங்கள் சொன்ன தொகையும் துறை கணக்கிட்ட தொகையும் அருகருகே இருக்கும். வித்தியாசப்படும் வரிசையைக் கண்டுபிடித்தால் சிக்கல் பாதி தீர்ந்தது. கழித்தல், கூட்டலை மட்டும் கால்குலேட்டரில் நீங்களே போடுங்கள்.

ஏஐ எங்கே சறுக்கும்?

முதலாவது, பிரிவு எண்களைக் குழப்புவது. 143(1) என்பது ரிட்டர்னைப் பரிசீலித்த பிறகு வரும் தகவல். 143(1)(ஏ) என்பது 'இந்தத் திருத்தங்களைச் செய்யப் போகிறோம், 30 நாளில் பதில் சொல்லுங்கள்' என்பது. 143(2) வந்தால் உங்கள் ரிட்டர்ன் ஆய்வுக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. நேராக ஆடிட்டரிடம் போங்கள். 139(9) என்றால் ரிட்டர்னில் குறை இருக்கிறது. அதைச் சரிசெய்ய 15 நாள் அவகாசம்.

இரண்டாவது, ஆண்டு. 2025-26 மதிப்பீட்டு ஆண்டு என்றால் 2024-25 நிதியாண்டில் சம்பாதித்த வருமானம். அந்த நிதியாண்டில் புதிய வரி முறையில் தள்ளுபடியால் வரி இல்லாமல் போகும் எல்லை 7 லட்சம் ரூபாய். அடுத்த நிதியாண்டில் அது 12 லட்சம். ஏஐ இரண்டையும் குழப்பினால் முழுக் கணக்கும் தப்பு. போதாக்குறைக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்து பிரிவு எண்களும் மாறிவிட்டன. முந்தைய ஆண்டுகளின் வருமானத்துக்கு 1961 சட்டம்தான். ஆகவே ஆண்டையும் சட்டத்தையும் கேள்வியிலேயே எழுதுங்கள்.

மூன்றாவது, இல்லாததை இருப்பதாகச் சொல்வது. 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி உருவாக்கிய பொய்த் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. வழக்கறிஞர்களுக்கே இந்தக் கதி என்றால், துறைக்கு அனுப்பும் பதிலில் ஏஐ சொன்ன தீர்ப்பு எண்களைச் சேர்க்கும் முன் நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

டிமாண்ட் வந்தால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்

துறை கூடுதல் வரி கேட்டால், முதலில் நிறுவனம் தரும் ஃபார்ம் 16, உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ், உங்கள் வருமான விவரங்களைத் தொகுத்துத் தரும் ஏஐஎஸ் மூன்றையும் எடுத்து ஒப்பிடுங்கள். டெபாசிட் வட்டியைக் காட்ட மறந்திருந்தால் தவறு நம்முடையது, கட்டிவிடலாம். சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்த நிறுவனம் அதை அரசுக்குச் செலுத்தாமல் விட்டிருந்தால், 26ஏஎஸ்-ல் அந்தத் தொகை வராது. 'பணத்தைக் கட்டுங்கள்' என்று ஏஐ சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால், சம்பளத்தில் பிடித்த வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது 1961 சட்டத்தின் 205-ஆம் பிரிவு. சம்பளச் சீட்டுகளை இணைத்து, இ-ஃபைலிங் தளத்தில் டிமாண்டை ஏற்கவில்லை என்று பதிவு செய்யுங்கள். சும்மா இருந்துவிடவும் கூடாது: 30 நாள் கடந்தால் நிலுவைக்கு மாதம் ஒரு சதவீத வட்டி ஏறும்.

ஆபீஸ் கடிதம் என்றால்?

நிறுவனத்துக்கு வந்த நோட்டீஸ், ஒப்பந்தம், ஹெச்ஆர் கடிதம் ஆகியவற்றைச் சொந்த ஏஐ கணக்கில் ஏற்றாதீர்கள். மத்திய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி தன் ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஐ தவறாகச் சொன்னாலும் வரியும் வட்டியும் உங்கள் பான் எண்ணில்தான் ஏறும். அதனால் அது சொன்ன தேதியையும் தொகையையும் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துங்கள்.