ஏழரை மணிக்கு யார் வருவார்?

சாயங்காலம் ஏழரை மணி. கிளினிக் வாசலில் செருப்பு மூன்று வரிசைக்குக் கிடக்கிறது. நாற்பது டோக்கன் போயிற்று, இன்னும் இருபத்தைந்து பாக்கி. அந்த நேரம் பார்த்துத் திரை அப்படியே நின்றுவிடுகிறது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் போனை எடுக்கிறாள். யாருக்கு?

காசு கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்தால் திட்டுவதற்காவது ஒரு கம்பெனி இருக்கும். கட்டற்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தால் அந்தக் கம்பெனி நீங்கள்தான். இருபது வருஷத்துக்கு மேலாகச் சின்ன கிளினிக்குகளிலும் இருபது, முப்பது படுக்கை ஆஸ்பத்திரிகளிலும் இந்த வேலையைப் பார்த்துவருகிறேன். அந்த ஏழரை மணிப் போன் எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. சில தடவை தப்பு என்னுடையது. புதிதாக இறங்குகிற தம்பி தங்கைகளுக்கு அதிலிருந்து சில சொற்கள்.

1. டாக்டரிடம் பேச உட்கார்ந்ததும் 'இலவசம்' என்று ஆரம்பிக்காதீர்கள். இலவசம் என்றால் நம் ஊரில் மிக்ஸி, கிரைண்டர் ஞாபகம்தான் வரும். கூடவே 'ஓசிதானே, எப்படி உழைக்கும்' என்ற சந்தேகமும் வரும். உரிமக் கட்டணம் கிடையாது, ஆனால் கணினிக்கும் யுபிஎஸ்ஸுக்கும் உங்கள் உழைப்புக்கும் காசு உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவருக்கு உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் பார்த்த ஒரு கிளினிக்கில், மென்பொருள் விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்பது வருஷப் பதிவு, அவர்களுக்கு மட்டுமே தெரிந்த வடிவத்தில், ஒரு பூட்டுக்குள். கடைசியில் இரண்டு பையன்களை உட்காரவைத்துத் திரையைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினோம். கட்டற்ற மென்பொருளில் நாளைக்கு என்னைப் பிடிக்காவிட்டால் வேறொருவரைக் கூட்டிவந்து அதே தரவை அவர் கையில் கொடுக்கலாம். டாக்டருக்கு இதைச் சொன்னால் போதும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் 1983இல் என்ன அறிவித்தார் என்பதை டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.

2. எதைப் போடுவது என்பதில் ரொம்ப நாள் குழம்ப வேண்டாம். ஒன்றிரண்டு டாக்டர் உள்ள கிளினிக் என்றால் ஓப்பன் இஎம்ஆர் போதும். பிஎச்பி, மரியாடிபி தெரிந்தவர் எந்த ஊரிலும் கிடைப்பார் என்பதே எனக்குப் பெரிய காரணம். படுக்கை, லேப், மருந்தகம் எல்லாம் சேர்ந்த ஆஸ்பத்திரி என்றால் பாம்னியைப் பாருங்கள். சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் ஆஸ்பத்திரிக்காக உருவானது அது. நோயாளி பதிவுக்கு ஓப்பன் எம்ஆர்எஸ், லேபுக்கு ஓப்பன் எலிஸ், கணக்குக்கு ஓடூ என்று ஏற்கெனவே இருந்தவற்றைச் சேர்த்துக் கட்டியது. நம் நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் வராந்தாவில் வளர்ந்ததால் நம் கூட்டம் அதற்குப் பழக்கம். நோயாளிக்கு அரசு தரும் ஆபா எண்ணோடு இணைக்கும் வசதியும் அதில் வந்துவிட்டது. லூயிஸ் ஃபால்கோன் தொடங்கிய குனு ஹெல்த் பொதுச் சுகாதாரத்துக்கு நல்ல கருவி. தனி டாக்டர் கிளினிக்குக்குக் கொஞ்சம் கனம். ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைச் சேமிக்க பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் பிறந்த ஆர்தாங்க். இதற்கு மேல் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் வருஷம் ஓடிவிடும்.

3. நிறுவுவதற்கு முன்னால் மூன்று சாயங்காலம் ரிசப்ஷன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். கையில் நோட்டு மட்டும் போதும்.

"பேரு?"
"முருகன்."
"இனிஷியல்?"
"எம்மு."
"வயசு?"
"அம்பது இருக்கும், எழுதிக்கம்மா."
"போன் நம்பர்?"
"எம்மவன் நம்பர்தான் இருக்கு."

இந்த அரை நிமிடப் பேச்சில் உங்கள் ஒரு மாத வேலை இருக்கிறது. ஓப்பன் இஎம்ஆர் அமெரிக்கப் பழக்கத்தில் வளர்ந்தது. முதல் பெயர், கடைசிப் பெயர், பிறந்த தேதி, பாலினம் நான்கும் நிரப்பாமல் அது நகராது. நம் ஆட்களுக்குக் கடைசிப் பெயர் ஏது? ஒருத்தி இனிஷியலைக் கடைசிப் பெயரில் போடுவாள், இன்னொருத்தி அப்பா பெயரை முழுசாக அடிப்பாள், மூன்றாமவள் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஆறு மாதத்தில் ஒரே முருகன் மூன்று முருகனாகி நிற்பார். ஒருவருக்கு ஆகாத மாத்திரை இன்னொருவர் பதிவில் இருக்கும். சிரிக்கிற விஷயமில்லை, ஆள் சாகிற விஷயம்.

அதனால் முதல் நாளே விதி எழுதி ரிசப்ஷன் மேசையில் ஒட்டிவிடுங்கள். இனிஷியல் கடைசிப் பெயரில். அப்பா அல்லது கணவர் பெயருக்குத் தனிக் கட்டம். லேயவுட் பக்கத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பிறந்த தேதி தெரியாவிட்டால் சொன்ன வயசைக் கழித்து ஜூலை 1 என்று போட்டு, 'உத்தேசம்' என்று ஒரு டிக். போன் எண்ணை மட்டும் நம்பி ஆளைத் தேடக்கூடாது, ஒரே எண்ணில் ஒரு குடும்பமே இருக்கும். பேர், ஊர், அப்பா பேர் மூன்றும் பார்த்த பிறகுதான் புதுப் பதிவு.

4. சின்ன அமைப்புகள்தான் டாக்டரை எரிச்சல்படுத்தும். நாம் எடையைக் கிலோவில் பார்ப்போம், காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் சொல்வோம். 'நூத்தியொண்ணு' என்றால் தாய்க்கும் புரியும், 38.3 என்றால் சிஸ்டருக்கே ஒரு நொடி ஆகும். மெட்ரிக் மட்டும், அமெரிக்க அளவு மட்டும் என்ற இரண்டில் எதை வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். இரண்டையும் காட்டு என்று வையுங்கள். மருந்துச் சீட்டிலும் இதே கதை. அதில் வருகிற இடைவெளிப் பட்டியல் லத்தீன் சுருக்கெழுத்து. நம் மெடிக்கல் ஷாப்பில் 1-0-1 தான் மொழி. லிஸ்ட் பக்கம் போய் 1-0-1, 1-1-1, 0-0-1 எல்லாம் சேருங்கள், 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்' உட்பட.

நேர மண்டலத்தை மறக்காதீர்கள். டாக்கரில் போட்டால் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில்தான் எழும்பும். நமக்கு ஐந்தரை மணி பின்னால். அதைக் கவனிக்காமல் விட்ட இடத்தில், இரவு 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு முந்தின நாள் தேதி ஏறிவிட்டது. பாட்டி ஜாதகத்தோடு வந்து நின்றாள்.

5. இனி நிறுவும் வேலை. அரை நாள் ஆகும், அவ்வளவுதான். உபுண்டுவில் நெடுநாள் ஆதரவுள்ள பதிப்பு. அதன் மேல் டாக்கர். அதில் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு ஓப்பன் இஎம்ஆர். 'லேட்டஸ்ட்' என்று விட்டுவிட்டால் என்றோ ஒரு நாள் அது தானாக மாறி உங்கள் காலை வாரும். தரவுத்தளத்துக்கு யுடிஎஃப்8எம்பி4. நேரடியாக நிறுவுகிறீர்கள் என்றால், வேலை முடிந்ததும் செட்டப் கோப்பை அழித்துவிட வேண்டும் அல்லது யாரும் திறக்காதபடி அடைத்துவிட வேண்டும். (டாக்டருக்கு டாக்கர் என்றால் என்ன என்று விளக்க முயலாதீர்கள். ஒருமுறை முயன்றேன். புது மருந்து ரெப் என்று நினைத்தார்.)

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். டாக்கரில் எல்லாவற்றையும் நிறுத்தும் கட்டளையோடு 'மைனஸ் வி' என்று சேர்த்தால், தரவு இருக்கும் வால்யூமும் சேர்ந்து அழியும். வீட்டில் சோதனைக் கணினியில் அப்படி அடித்தே பழகிய கை. ஒரு நாள் கிளினிக்கில், பேசிக்கொண்டே, அதே கை அதையே அடித்தது. கேள்வி கேட்கவில்லை, எச்சரிக்கை தரவில்லை. இரண்டு விநாடி. கடைசி பேக்கப் பதினோரு நாள் பழசு. அந்தப் பதினோரு நாளையும் ஓபி சீட்டுகளின் கார்பன் பிரதியை வைத்து, ரிசப்ஷன் பெண்ணும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து அடித்தோம். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் சுட்டது.

6. யுபிஎஸ் சர்வருக்கு மட்டும் போதாது. கரண்ட் போனால் சர்வர் ஓடும், டாக்டர் மேசைக் கணினியும் ஓடும், நடுவில் சுவரில் தொங்கும் சுவிட்சும் ரூட்டரும் செத்திருக்கும். திரை சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு குட்டி அடாப்டரையும் அதே யுபிஎஸ்ஸில் செருகுங்கள். சர்வருக்கு நிலையான முகவரி கொடுங்கள்; ரூட்டர் எழுந்து புது எண் கொடுத்துவிட்டால் மறுபடி ஏழரை மணிப் போன்தான். அந்த மணிக்கு ஏழரை என்று சும்மாவா பேர்!

7. கடவுச்சொல். அட்மின், பாஸ் என்ற ஜோடியை வைத்துக்கொண்டே ஓடும் கிளினிக்குகளை இன்றும் பார்க்கிறேன். ஆளுக்கு ஒரு கணக்கு. சிஸ்டருக்கு ஒன்று, பில் போடுபவருக்கு ஒன்று. யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்று பின்னால் தெரிய வேண்டும்.

சர்வரை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். 'வீட்டிலிருந்து பார்க்கணும்ப்பா' என்று டாக்டர் கேட்பார். ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடுவது சுலபம். அதைச் செய்யாமல் விபிஎன் போட்டுக் கொடுங்கள். 2018இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஓப்பன் இஎம்ஆரில் இருபதுக்கும் மேற்பட்ட ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். நோயாளிகளுக்கான இணையவாசலில் பதிவுப் பக்கத்தைத் திறந்து, முகவரியை மாற்றி அடித்தாலே உள்ளே போய்விடலாம் என்பதும் அதில் ஒன்று. வெளியே சொல்வதற்கு முன்பே திருத்தம் வந்துவிட்டது, அது கட்டற்ற மென்பொருள் உலகத்தின் நல்ல குணம். ஆனால் திருத்தம் வந்தால் போதுமா, போட வேண்டாமா? மூன்று வருஷம் மேம்படுத்தாமல் விட்ட சர்வருக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை. மேம்பாட்டை ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்த பிறகு, காலையில் செய்யுங்கள். திங்கள் சாயங்காலம் செய்பவரை நான் சீடராக ஏற்பதில்லை.

8. தமிழில் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் அழகாகத் தெரியும் தமிழ், பிடிஎஃப் ஆனதும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கலாம், அல்லது வெறும் கட்டங்களாக வரலாம். 'கொழுப்பு', 'பௌர்ணமி', 'ஸ்ரீதேவி' மூன்றையும் அச்சிட்டுச் சரியாக வந்தால் மற்றதும் வரும். வராவிட்டால் உலாவியிலிருந்தே நேராக அச்சிடும் வழிக்கு மாற்றுங்கள். பழைய தரவு பாமினியிலோ டிஸ்கியிலோ இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் உள்ளே ஏற்றாதீர்கள்.

9. பழைய ஃபைல்களை எல்லாம் உட்கார்ந்து ஏற்றுவேன் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். வருகிற நோயாளிக்கு அன்றைக்குப் பதிவு, கடைசிச் சீட்டு ஒன்றை ஸ்கேன் செய்து ஒட்டினால் போதும். முதல் மாதம் பதிவும் பில்லும் மட்டும். காகிதம் கூடவே ஓடட்டும். டாக்டர் தானாக 'இதையும் இதில் போடலாமா' என்று கேட்கும்வரை மருந்துச் சீட்டைத் தொடாதீர்கள்.

10. சட்டம் கொஞ்சம். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, உள்நோயாளிப் பதிவை 3 வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். பதிவுகளைக் கணினியில் ஏற்ற முயல வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. தயங்கும் டாக்டருக்கு இதைக் காட்டலாம். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தரவு கசிந்தால் பொறுப்பு டாக்டர் தலையில். அவர் உங்களைத்தான் பார்ப்பார். அதனால் நோயாளி தரவைச் சோதனைக்கென்று உங்கள் லேப்டாப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சுற்றாதீர்கள்.

11. பேக்கப் என்றால் தரவுத்தளம் மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஸ்கேன் செய்த சீட்டு, லேப் ரிப்போர்ட், மறையாக்கச் சாவிகள் எல்லாம் ஓப்பன் இஎம்ஆரின் 'சைட்ஸ்' அடைவில் இருக்கின்றன. அதை விட்டுவிட்டால், பேர் இருக்கும், ரிப்போர்ட் இருக்காது. இரண்டையும் தினம் ராத்திரி தானாக எடுக்கவையுங்கள். ஒரு பிரதி கிளினிக்கில், ஒன்று டாக்டர் வீட்டில், பூட்டிய வட்டில். செருகியபடியே விட்ட பென்டிரைவ் பேக்கப் ஆகாது; கணினிக்குள் வரும் பணயத் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டும். நவம்பர் 2022இல் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் அப்படித் தாக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதித்தான் வேலை நடந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி.

திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளினிக் மூடியிருக்கும். நேற்று ராத்திரி எடுத்த பிரதியை, இணையத்தில் சேராத இன்னொரு கணினியில் ஏற்றுங்கள். ஏதாவது ஒரு நோயாளியைத் திறந்து, அவருடைய ஸ்கேன் படம் வருகிறதா என்று பாருங்கள். ஆரம்பித்ததிலிருந்து எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் டாக்டரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.